டவுட்: வாசலில் தொங்கிய ஒரு சொல்

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பேரன் போனில் கூப்பிட்டான். "தாத்தா, ஒரு டவுட்டு" என்றான். கேளுப்பா என்றேன். "டவுட்டுன்னா என்ன அர்த்தம்?" என்றான். சந்தேகம் என்று சொன்னேன். "அது இல்ல தாத்தா, டி-யில ஆரம்பிக்கிற இன்னொரு டவுட்டு" என்றான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, அர்த்தமும் வேறு.

அவனுடைய குழப்பம் நியாயமானது. ஆங்கிலப் பேப்பரில் ஒரு பக்கத்தில் ரயில் டிக்கெட்டுகளை மொத்தமாக எடுத்துக் கூடுதல் விலைக்கு விற்ற ஒரு 'டவுட்'டை ரயில்வே போலீஸ் பிடித்ததாகச் செய்தி. பக்கத்திலேயே ஒரு பெரிய அரசுத் திட்டத்தை எல்லாரும் வெகுவாக 'டவுட்' செய்ததாக இன்னொரு செய்தி. ஓரிடத்தில் ஜெயிலுக்குப் போகிறவன், இன்னோரிடத்தில் புகழ்ச்சி. ஒரே சொல் எப்படி இரண்டையும் செய்யும் என்று கேட்டான். போனில் ஏதோ சொல்லி வைத்தேன். வைத்த பிறகு இரண்டு நாளாக அந்தச் சொல் என்னை விடவில்லை. எனக்கும் அதற்கும் ஐம்பது வருடப் பழக்கம்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். பிரெவே சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அரசு வேலையில் நுழைய நான் பட்ட பாட்டை முன்பே எழுதிவிட்டேன். 1973-ல் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். முதல் நாள் வாசலில் ஒரு தகரப் பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டே சொல். இரண்டாவது சொல்லுக்குத் 'தடை' என்று அர்த்தம் எனக்குத் தெரியும். முதல் சொல்லை என் கண் பிரெஞ்சாகப் படித்தது. பிரெஞ்சில் அதே நான்கு எழுத்தை 'து' என்று சொல்வோம், கடைசி எழுத்து ஊமை. அர்த்தம் 'எல்லாம்', 'முழுதும்'. அதற்குப் பின்னால் ஒரு எஸ் வேறு. எல்லாருக்கும் தடை என்று எழுத வந்த பெயிண்டர் எழுத்துப் பிழை விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய், தலைமை எழுத்தரிடம், "சார், வெளியில போர்டு தப்பா இருக்கு. பொதுஜனம் யாருமே வரக்கூடாதுன்னு இருக்கே" என்று சொன்னேன்.

அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "அது டவுட்டுய்யா. அதோ நிக்கிறாரு பாரு, போர்டுக்குக் கீழேயே" என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். பலகைக்கு நேர் கீழே, வேப்பமர நிழலில், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகை வைத்து மனு எழுதிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்லின் கதை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதலில் வியாபாரத்தோடு சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'எட்டிப் பார்ப்பது', 'தலையை நீட்டி நோட்டம் விடுவது' என்றுதான் பொருள். அப்புறம் திருடர்கள் வழக்கில், உள்ளே கூட்டாளி வேலை பார்க்கும்போது வெளியே நின்று யாராவது வருகிறார்களா என்று பார்ப்பவன். அதன் பிறகு, 18-ம் நூற்றாண்டில், வாடிக்கையாளர் வருகிறாரா என்று பார்த்து நின்று, வந்ததும் விழுந்து பிடிப்பவன். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்று ஒரு நீரூற்று ஊர். பணக்காரர்கள் உடம்பு தேற அங்கே போவார்கள். லண்டனிலிருந்து வரும் குதிரை வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே மறித்து, 'என் கடைக்கு வாருங்கள், என் வீட்டில் தங்குங்கள்' என்று கடைக்காரர்கள் மொய்ப்பார்களாம். மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

குதிரைப் பந்தயம் வந்ததும் சொல் பழைய அர்த்தத்துக்கே ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. விடியற்காலையில் வேலி மறைவில் நின்று, எந்தக் குதிரை எப்படி ஓடிப் பழகுகிறது என்று பார்த்து, அந்தத் தகவலை விற்பவனுக்கு அந்தப் பெயர். 'இந்தக் குதிரைதான் ஜெயிக்கும்' என்று அவன் அடித்துச் சொல்வதிலிருந்துதான், அமெரிக்கப் பத்திரிகைகள் மூலம், ஒன்றை உயர்த்திப் பேசிப் பரப்புவது என்ற அர்த்தம் பரவியது. என் பேரன் படித்த அரசுத் திட்டச் செய்தியில் வருவது இதுதான். அதிலும் முழு மரியாதை கிடையாது. பேச்சு பெரிதாக இருந்தது, காரியம் எப்படியோ என்று ஒரு முனகல் அதற்குள் இருக்கும். வட அயர்லாந்தில் இதே சொல்லுக்குக் காட்டிக்கொடுப்பவன், போலீசுக்கு உளவு சொல்பவன் என்று பொருள். அங்கே கலவரக் காலத்தில் ஒருவனைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டால் அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து மேட்ச் டிக்கெட் விற்பது 1994-ல் இருந்து சட்டப்படி குற்றம்.

நம் நாட்டிலோ இந்தச் சொல் அதற்கெல்லாம் முன்பே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. 1879-ம் ஆண்டின் 18-ம் எண் சட்டம், வழக்குத் தொழில் செய்வோர் பற்றியது. பிற்பாடு வந்த திருத்தங்களோடு சேர்த்துப் படித்தால், டவுட் யார் என்று அதில் விளக்கம் இருக்கிறது. வக்கீலிடம் காசு வாங்கிக்கொண்டு அவருக்கு வழக்குப் பிடித்துக் கொடுப்பவன். அதற்காகக் கோர்ட் வளாகம், ரெவின்யூ அலுவலகம், ரயில் நிலையம், படகுத்துறை, தங்கும் விடுதி ஆகிய இடங்களில் சுற்றித் திரிபவன். படகுத்துறையைக்கூட விடவில்லை பாருங்கள். எழுதிய வெள்ளைக்காரன் ஆளை நேரில் பார்த்திருக்கிறான்.

அந்தச் சட்டத்தின் 36-ம் பிரிவுதான் விசேஷம். மாவட்ட நீதிபதியும், கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ரெவின்யூ அதிகாரியும் டவுட்டுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வெளியிடலாம். சாட்சியம் என்ன? 'பொதுவான பெயர்'. ஊரில் ஒருவனுக்கு அப்படிப் பெயர் இருந்தாலே போதும். வக்கீல் சங்கம் இதற்கென்றே கூட்டம் போட்டு மெஜாரிட்டியாகத் தீர்மானம் போட்டால் அதையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பெயரைச் சேர்க்கும் முன் அவனுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலின் நகலை ஒவ்வொரு கோர்ட்டிலும் தொங்கவிட வேண்டும். பெயர் ஏறியவனை வளாகத்துக்குள் விடாமல் விலக்கலாம். அதற்கு மேலும் அந்த வேலையைச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் ஒருவழியாக 2023-ம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால்தான் ரத்தாகி, அந்த ஏற்பாடு மட்டும் வக்கீல்கள் சட்டத்துக்குள் குடியேறியது. அபராதம் இன்னும் அதே 500 ரூபாய்தான். ரயில் டிக்கெட் ஆசாமிகளுக்கு 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 143-ம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் மூன்று வருடம், 10,000 ரூபாய் வரை போகும்.

தமிழில் இதற்குச் சரியான ஒரே சொல் கிடையாது என்பது என் அபிப்பிராயம். 'தரகர்' என்கிறோம். தரகர் கௌரவமான வார்த்தை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுபவர் தரகர். எங்கள் மரக்காணம் உப்பளங்களில் லாரிக்கு உப்பு முடித்துக் கொடுப்பவரும் தரகர். கல்யாணத் தரகரை வீட்டுக்குள் உட்கார வைத்துக் காபி கொடுக்கிறோம். டவுட்டுக்குப் பக்கத்தில் வருவது 'கிராக்கி பிடிக்கிறவன்', அல்லது 'ஆள் பிடிக்கிறவன்'.

பிரெஞ்சில் தரகருக்குக் 'கூர்த்தியே' என்று பெயர். புதுச்சேரியில் ஒரு காலத்தில் அது பெரிய பதவி. நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைக் கூர்த்தியே. நெசவாளருக்கும் வணிகருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்றவர். அவர் இல்லாமல் ஒரு கட்டுத் துணி கப்பலேறாது. அவரையே 1716-ல் கவர்னர் ஹெபேர் கைது செய்து, சவுக்கடியும் சிறையும் விதித்தார். சிறையிலேயே 1717-ல் இறந்துபோனார். பிற்பாடு பிரான்சில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஆனது. மகன் குருவப்ப பிள்ளை பாரீசுக்கே போய், செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து அதே பதவியில் உட்கார்ந்தார். அந்த உறவு வழியில் வந்தவர்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. நடுவில் நிற்பவன் எவ்வளவு வேண்டியவனோ அவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்பவன் என்று அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

கூர்த்தியே வேறு, டவுட் வேறு. டவுட்டுக்குப் பிரெஞ்சில் 'ரபத்தேர்' என்பார்கள். வேட்டையில் தப்பட்டை அடித்து, புதரைத் தட்டி, மிருகத்தை வேட்டைக்காரன் பக்கம் விரட்டிவிடுகிற ஆளுக்கும் அதே சொல்தான். கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆள் பிடித்தவர்களைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று புரிந்தது.

1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் நம் பக்கத்து ஆட்களோடு மார்த்தினிக் தீவில் போய் நின்றது. அடுத்த வருடம் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் அதே கப்பல் குவாதலூப்பில் இறக்கியது. அடிமை முறையை 1848-ல் பிரான்ஸ் ஒழித்துவிட்டது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல், ரெயூனியனுக்கு அதைவிட அதிகம். புதுச்சேரி என்ற சின்ன ஊரில் அத்தனை ஆட்கள் ஏது? சுற்றியிருந்த ஆங்கிலேயர் எல்லையிலிருந்துதான் பெரும்பாலும். தென்னாற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர். எல்லை தாண்டி ஆள் கொண்டுவந்து சேர்ப்பவர்களை 'மேஸ்திரி' என்றார்கள், பிரெஞ்சுக் காகிதங்களிலும் அதே சொல்தான். தலைக்கு இவ்வளவு என்று கூலி. பஞ்ச காலத்தில் சோறு காட்டினார்கள், மற்ற காலத்தில் கதை சொன்னார்கள். பிரிட்டிஷ் அரசு புகார் மேல் புகார் எழுதி, 1860-61-ல் ஒப்பந்தம் போட்டு, தன் அதிகாரி ஒருவரைத் துறைமுகத்தில் உட்கார வைத்தது. அப்படியும் அடங்கவில்லை. 1882-ல் ரெயூனியனுக்கும், 1888-ல் குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

என் ஆயா, சாப்பிட அடம் பிடித்தால், 'புள்ள புடிக்கிறவன்கிட்ட குடுத்துடுவேன், கப்பல்ல ஏத்திடுவான்' என்பாள். கப்பலை அவள் எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று சின்ன வயசில் யோசித்ததில்லை.

இந்தக் கடற்கரையில் இப்போதும் ரபத்தேர்கள் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல ரோடாக ஆன பிறகு மனை விற்பவர்கள் வந்தார்கள். வேனில் ஏற்றி, மதியச் சாப்பாடு போட்டு, அளத்துக்குப் பக்கத்தில் நட்ட கல்லைக் காட்டி, 'இன்னும் ரெண்டு வருஷத்துல இங்க ஏர்போர்ட்டே வரும் சார்' என்று சொல்லுவார்கள். நம் ஊர்க்காரர் யாரும் அந்த மண்ணில் வீடு கட்ட மாட்டார்கள், ஐப்பசி மழையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரியும். வாங்கியவர்கள் எல்லாம் வெளியூர். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகுதான் வேன்கள் குறைந்தன.

சரி, வேப்பமரத்தடி மனிதருக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், கண்ணாடிக்காரர் என்றே சொல்கிறேன். அவர் சட்டம் சொல்கிற டவுட் இல்லை, எந்த வக்கீலிடமும் காசு வாங்கியவர் இல்லை. ஆனால் போர்டு அவருக்காகத்தான் என்று ஆபீசில் எல்லாரும் வைத்துக்கொண்டோம். பஸ்ஸில் இறங்குகிற ஜனத்தைப் பார்த்து, "என்ன காரியம்மா? பட்டாவா, வாரிசா?" என்று கூப்பிடுவார். மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் உண்மை: அவர் இல்லாவிட்டால் எங்கள் வேலை நடக்காது. எழுதத் தெரியாதவர் யார் வந்தாலும், தலையை நிமிர்த்தாமல், "வெளியே கண்ணாடிக்காரர்கிட்ட போய் எழுதிட்டு வா" என்போம். போர்டு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

1978 என்று நினைவு. மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்த ஒருவரின் மனைவி வந்தாள். புருஷன் இறந்து நாலைந்து மாதம். காலெல்லாம் உப்புநீரில் வெடித்துப் போயிருந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை தொடங்கி அப்போது சில வருடங்கள்தான். நான் வழக்கம்போலக் கண்ணாடிக்காரரிடம் அனுப்பினேன். எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து வந்தாள். பதிவேட்டில் தேடினேன், மனுவே இல்லை. இன்னொரு முறை வந்தாள். இல்லை. பஸ் காசு கடன் வாங்கி வந்ததாகச் சொன்னாள். "அஞ்சு ரூவா குடுத்தேன் சாமி, அவரு உள்ள குடுத்துட்டேன்னு சொல்றாரு" என்று அழுதாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை, ஏழைக்காகப் பேசுகிறோம் என்ற மிதப்பு வேறு. வெளியே போய், பத்து இருபது பேர் முன்னால், "நீ டவுட்டுய்யா! போர்டைப் படிச்சியா? உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அது!" என்று கத்தினேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். எழுந்து நின்று, "இல்ல சார், அன்னைக்கே உங்க மேசையிலதான் வச்சேன்" என்று ஒரு தடவை சொன்னார். மறுபடி சொல்லவில்லை. நான் விடவில்லை, மேலதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து ஸ்டூலைத் தூக்கி ரோட்டில் போட்டார். கண்ணாடிக்காரர் அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, வருடக் கடைசி ஆய்வுக்காக என் மேசைக் கட்டுகளைப் பிரித்தேன். முடிந்துபோன ஒரு பட்டா மாறுதல் ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டு அந்த மனு இருந்தது. அவருடைய மணிமணியான கையெழுத்து. மேல் மூலையில் தேதியோடு என் சுருக்கொப்பம். வாங்கியது நான். பதியாமல் விட்டது நான்.

அன்றைக்கே பதிந்து, கையிலேயே எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், இரண்டு மாதத்தில் அந்த அம்மாவுக்கு உத்தரவு வாங்கிக் கொடுத்தேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் மனு கிடைத்த இடத்தை அவளிடம் சொல்லவில்லை. மேலதிகாரியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெமோ வரும், இன்கிரிமெண்ட் போகும், வீட்டில் அப்போதுதான் இரண்டாவது குழந்தை. இதெல்லாம் காரணம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடிக்காரரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், வாழைப்பழக் கடை ஓரமாக, அதே பலகையை மடியில் வைத்து யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். என் பஸ் கிளம்பிவிட்டது. கிளம்பாவிட்டாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியாது.

அந்த அலுவலகம் பிறகு வேறு கட்டடத்துக்குப் போனது. தகரப் பலகை என்ன ஆனது என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் நினைவில்லை. இப்போது அங்கே தமிழில், 'இடைத்தரகர்களை நம்பி ஏமாறாதீர்கள்' என்று பெரிதாக இருக்கிறது. எதிரிலேயே இ-சேவை மையம். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய், ரசீதும் தருகிறார்கள். போன மாதம் ஒரு காரியமாக நான் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் ஒரு கிழவியிடம், "பாட்டி, உங்க மனு உள்ள போயிடுச்சு, நம்பர் இதுல இருக்கு, பத்திரமா வச்சுக்கோங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.